பனி நாட்டுக்குப் போன வலியசாலைப் பிள்ளைகளுக்கு



கால்கரியிலும் டொரண்டோவிலும் டென்வரிலும் மியூனிக்கிலும் ஆஸ்லோவிலும் குடியிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் பாதிப் பேரை அரைஞாண் கயிற்று வயதிலிருந்தே எனக்குத் தெரியும். மீதிப் பேரின் அப்பாக்களைத் தெரியும். காந்தளூர் மகாதேவர் கோயில் நடையில் ஓடிப்பிடித்து விளையாடியவர்கள் நீங்கள். அந்த உரிமையில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன்.

மார்கழியில்கூட மின்விசிறியை நிறுத்தாத ஊர்க்காரனுக்குப் பனிச்சறுக்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் முப்பத்தொரு வருஷம் தொழிற்பயிற்சிப் பட்டறையில் நின்று, பையன்களுக்கு இரும்பிலும் மரத்திலும் துளை போடச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு குளிர்காலம் கால்கரியில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே சமையலறை மேசைமேல் வைத்து என் மாப்பிள்ளை தன் ஸ்கீயில், பூட்ஸைப் பூட்டிப் பிடிக்கும் பைண்டிங்கைத் தானே பொருத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துளையையும் சரிபார்த்தவன் நான்தான். எட்டாம் நாள் அவர் கால் முறிந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், இந்த வருஷம் விடுமுறைக்கு வந்த உங்களில் மூன்று பேர், தனித்தனியாக, என் திண்ணையில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: “மாமா, எந்த டிரில் பிட் வாங்கலாம்?” எத்தனை ஆழம், எந்தப் பசை என்றெல்லாம் கேட்டீர்கள். பைண்டிங்கின் மேலே கண்ணாடிச் சில்லுபோல ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் ஒரு எண் இருக்கிறதே, அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். ஸ்கீ புதியது, தள்ளுபடியில் வாங்கியது. பைண்டிங் பழையது, யாரோ விற்றதை வாங்கியது. கடையில் பொருத்தக் கேட்ட கூலி அவருக்கு அநியாயமாகப் பட்டது. “நீங்கதான் இருக்கேளே, அப்பா” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்கீயின் மேற்பக்கத்தில் 4.1 பெருக்கல் 9 என்று அச்சிட்டிருந்தது. துளையின் விட்டம் 4.1 மில்லிமீட்டர், ஆழம் 9 மில்லிமீட்டர் என்று பொருள். உள்ளே அலுமினியக் கலவைத் தகடு வைத்த ஸ்கீக்கு அந்த அளவு. தகடு இல்லாததற்கு 3.5 அல்லது 3.6, குழந்தைகளின் ஸ்கீக்கு ஆழம் 7 மில்லிதான். நம்மூர் ஆசாரி பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஆழம் குறித்துக்கொள்வார். கதவுக்கு அது போதும். இங்கே துளைக்குக் கீழே எஞ்சுவது சில மில்லிதான். டேப் கொஞ்சம் நழுவினாலும் பிட் அடிப்பக்கம் எட்டிப் பார்த்துவிடும். அதனால் தோள் வைத்த பிட்டைத்தான் வாங்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன். தோள் தட்டியதும் அது தானே நின்றுவிடும்.

துளைகளுக்கான காகித வார்ப்புருவை அச்சிட்டு எடுத்தார். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நூறு மில்லிக் கோடு தொண்ணூற்றேழுதான் இருந்தது. அச்சுப்பொறி பக்கத்துக்குத் தகுந்தபடி சுருக்கியிருந்தது. அப்படியே ஒட்டித் துளைத்திருந்தால் ஒரு திருகாணிகூட இறங்கியிருக்காது. மறுபடி அச்சிட்டு, பூட்ஸின் நடுக்கோட்டையும் ஸ்கீயின் நடுக்கோட்டையும் சேர்த்து, சென்டர் பஞ்ச் அடித்து, ஒரு மரத்துண்டில் பழகிப் பார்த்து, பிறகுதான் ஸ்கீயைத் தொட்டோம். முதலில் கறுப்பாக பிளாஸ்டிக் சுருண்டு வந்தது, அடுத்து வெள்ளிச் சீவல், அதற்கப்புறம் வெளிறிய மரத்தூள். மூன்று நிறமும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்து மாப்பிள்ளை குழந்தை மாதிரி சிரித்தார். துளை வாயில் மேல்தோல் எரிமலை மாதிரி எழும்பி நிற்கும். அதைக் கத்தியால் சீவாவிட்டால் பைண்டிங் படியாது. சீவினோம். தகடு இருப்பதால் மரைவெட்டி போட்டு மரை எடுத்தோம். ஒவ்வொரு துளையிலும் பெவிகால் மாதிரி வெள்ளைப் பசை ஒரு சொட்டு. அது திருகாணியை வழுக்கி இறக்கும், பிறகு தண்ணீரை உள்ளே விடாது. திருகாணித் தலை நம்மூர் பிலிப்ஸ் மாதிரிதான் இருக்கும்; அது போஸிட்ரைவ், 3-ஆம் அளவு. பிலிப்ஸ் திருப்புளியைப் போட்டால் தலை மழுங்கிவிடும். கடைசிச் சுற்றில் டிரில்லைக் கீழே வைத்துவிட்டுக் கையால் இறுக்கினோம். ஒரு இடத்தில் கைக்கே தெரியும், இதற்குமேல் வேண்டாமென்று.

பதினாறு திருகாணி, நாலு மணி நேரம். அந்தப் பதினாறும் இன்றைக்கும் அசையவில்லை.

அடுத்த ஞாயிறு நகிஸ்காவுக்குப் போனோம். 1988 குளிர்கால ஒலிம்பிக்கின் ஆல்பைன், அதாவது சரிவில் இறங்கும், போட்டிகளுக்காக உருவான மலைச்சரிவு அது, கால்கரியிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். மாப்பிள்ளை வேகமாகக்கூடப் போகவில்லை. சரிவின் அடிவாரத்தில் நிற்கப் போகிற நேரம். ஒரு ஸ்கீயின் முனை மெத்தென்ற பனியில் செருகிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. பூட்ஸ் கழன்றிருக்க வேண்டிய நொடி அது. கழலவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு, முறுக்கிய கரும்பு மாதிரித் திருகி முறிந்தது. உதவிக்கு வந்த பணியாளர் பெண் ஸ்கீயைக் கழற்றும்போது அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துவிட்டு, இதை யார் வைத்தது என்று கேட்டாள். அதில் 9 இருந்தது. நாங்கள் யாரும் வைக்கவில்லை. பைண்டிங்கை விற்ற மனிதர் நூறு கிலோ இருந்திருப்பார். அவருக்காக வைத்த எண் அது. என் மாப்பிள்ளை 63 கிலோ, இரண்டாம் வருஷத்துக் கற்றுக்குட்டி. பிறகு அட்டவணையைப் பார்த்தபோது அவருக்கு வந்த எண் அதில் பாதியை ஒட்டித்தான் இருந்தது.

அதை டின் எண் என்கிறார்கள். சாலைக் கடைத்தெருவுக்கு நாலடியில் வளர்ந்த எனக்கு டின் என்றால் எண்ணெய் டின்தான். இது ஜெர்மன் தர நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. எவ்வளவு முறுக்கினால் அது பூட்ஸை விட வேண்டும் என்பதற்கான எண் அது. குறைவாக வைத்தால் ஓடும்போதே கழன்று உங்களைத் தூக்கி எறியும்; கூட வைத்தால் விடவேண்டிய நேரத்தில் விடாது. உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், எவ்வளவு துணிச்சலாக ஓடுவீர்கள் என்பது, இத்தனையும் சேர்ந்துதான் எண் வரும். எடைக்கு ஒரு வரிசை, உயரத்துக்கு ஒரு வரிசை வந்தால், இரண்டில் தாழ்ந்ததைத்தான் எடுக்க வேண்டும். ஒன்பது வயதும் அதற்குக் கீழும், ஐம்பதும் அதற்கு மேலும் ஆனால் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். பூட்ஸ் நீளமானால் எண் குறையும். நெம்புகோல் நீண்டால் குறைந்த பலம் போதும் என்று எட்டாம் வகுப்பில் படித்தீர்களே, அதுதான். பூட்ஸின் குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும், 305 என்று, 318 என்று. காலணி நம்பரை அங்கே போட்டுவிடாதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எடையைக் கேட்டால் ஐந்து கிலோ குறைத்துச் சொல்கிறோம். திறமையைக் கேட்டால் ஒரு படி கூட்டிச் சொல்கிறோம், ஆண்பிள்ளைகள் முக்கியமாக. ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று எண் கூடக்கூட வீரன் என்று நண்பர்கள் கூட்டத்தில் ஒரு நினைப்பு ஓடுவதை அங்கே கண்டேன். பந்தயக்காரர்கள் கூடுதலாக வைப்பார்கள். அவர்கள் தொடையைப் பார்த்திருக்கிறீர்களா?

இந்தச் சுருள்வில் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பூட்ஸைத் தோல்வாராலும் இரும்புக் கொக்கியாலும் ஸ்கீயோடு கட்டிவிடுவார்கள்; விழுந்தால் காலும் கட்டையும் சேர்ந்துதான் விழும். நார்வேயிலிருந்து அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக்குக் குடிபோன ஹ்யால்மர் ஹ்வாம் என்ற வீரர், 1937-இல் ஹூட் மலையில் கால் முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான், தானே கழன்றுகொள்ளும் பைண்டிங்கை வரைந்தார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த எண்ணத்தின் வளர்ச்சிதான். வெர்மாண்டில் ஷுகர்புஷ் சரிவில் 1972 முதல் காயங்களைக் கணக்கெடுத்து வந்த மருத்துவர்களும் பொறியாளர்களும், கீழ்க்கால் எலும்பு முறிவு பெருமளவு குறைந்துவிட்டதைக் காட்டினார்கள். முழங்கால் தசைநார் அறுவது அப்படிக் குறையவில்லை, அதைத் தடுக்க இந்தப் பைண்டிங்கால் முடிவதில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். ஆக, கீழ்க்கால் எலும்பைக் காப்பதுதான் இந்தப் பொருளின் வேலை. கால் முறிந்த ஒருவர் நமக்காகக் கண்டுபிடித்துக் கொடுத்ததை, ஏதோ ஒரு எண்ணில் பூட்டி வைத்து என் மாப்பிள்ளை தன் காலை முறித்துக்கொண்டார். பக்கத்திலேயே ஒரு பட்டறை வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

சரி, அட்டவணையைப் பார்த்து எண்ணை நாமே திருப்பிக்கொள்ளலாமே என்பீர்கள். கொள்ளலாம், ஆனால் அது பாதிக் கிணறு தாண்டியதுதான். மீதிப் பாதிக்குச் சாலைக் கடைத்தெருவுக்கு வாருங்கள். அங்கே மளிகைக் கடைத் தராசுக்கு அரசு முத்திரை இருக்கிறதா என்று உங்கள் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் துவரம்பருப்பு வாங்குவாள். படிக்கல்லில் ஒரு கிலோ என்று பொறித்திருப்பது கடைக்காரன் சொல். முத்திரைதான் அத்தாட்சி. பைண்டிங்கில் தெரிகிற எண்ணும் அப்படித்தான். பழைய வில், காய்ந்துபோன கிரீஸ், நடந்து நடந்து தேய்ந்த பூட்ஸ் அடி, இடையில் அடைத்த மணல், இவற்றில் எது இருந்தாலும் ஜன்னலில் 5 தெரியும்போது உள்ளே வேறொன்று நடக்கும். குதிகால் பகுதியை முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்ஸின்மேல் சரியான அழுத்தம் கொடுத்திருக்க வேண்டும். அதற்குத் தனியே ஒரு குறி உண்டு. அது தவறியிருந்தால் எண் வெறும் அலங்காரம். நடப்பதற்கு வசதியாக வளைந்த அடி கொண்ட பூட்ஸ் எல்லாப் பைண்டிங்கிலும் சேராது. சேராததை நுழைத்தாலும் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும், அதுதான் ஆபத்து.

கடையில் ஒரு கருவி இருக்கிறது. பூட்ஸை மாட்டி, பக்கவாட்டிலும் முன்னாலும் முறுக்கி, எத்தனை நியூட்டன்-மீட்டரில் கழல்கிறது என்று அளந்து எழுதித் தருவார்கள். அதற்கென்று உலகத் தரவிதி ஒன்று உண்டு, ஐஎஸ்ஓ 11088. நம் தராசு முத்திரைக்கு நிகர் அதுதான். டிரில் உங்கள் வீட்டில் இருக்கலாம். அந்தக் கருவி இருக்காது.

இங்கே என் மனக்குறையையும் கொட்டிவிடுகிறேன், ரொம்ப நாளாக உள்ளே கிடக்கிறது. நம் தெருவில் கைவேலைக்கு மதிப்பிருந்ததே இல்லை. ஆணி அடிக்க ஆசாரி, காரை பெயர்ந்தால் கொத்தனார், குழாய் ஒழுகினால் இன்னொருவர். ஒரே பொதுச்சுவரில் இரண்டு வீடு நிற்கிற அக்ரகாரத்தில், மண்ணும் சுண்ணாம்பும் உதிர்கிற சுவரில் ஒரு கொக்கி அடிப்பது எத்தனை நுணுக்கம் என்று நமக்குத் தெரியாது; அந்த ஆசாரிக்குத் தெரியும். நான் பட்டறை வேலைக்குப் போனபோது என் பெரியப்பா, “படிச்சவன் கையிலே தமர் எதுக்குடா?” என்றார். ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் மணைப்பலகையில் வைக்க அரிவாள்மணையும் பவுண்டன் பேனாவும்தான் இருந்தன. துளை போடும் என் தமரையும் இழைப்புளியையும் நான் கொண்டுவந்து வைத்த வருஷம் பெரியப்பா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இதே இடத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தில் வேதப் படிப்போடு ஆயுதப் பயிற்சியும் நடந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாலை எப்போது வெறும் ஏட்டுச் சாலையாகிப் போனதோ!

அதனால், நீங்கள் டிரில்லைக் கையில் எடுத்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். கூலி அதிகமென்பதால்தான் எடுத்தீர்கள், மரியாதையால் இல்லை, இருக்கட்டும். கைக்கு வந்த வேலையை விடாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆசாரியை நாம் மதிக்காமல் இருந்ததால், அவர் எங்கே தன் கையை நிறுத்திக்கொள்வார் என்பதையும் பார்க்கத் தவறிவிட்டோம். கதவை அவர் செய்வார். பூட்டைத் தொட மாட்டார். “அது கொல்லன் பணி, சாமி” என்பார். தன் வேலையின் எல்லை தெரிந்திருந்ததும் அவர் தேர்ச்சியில் சேர்த்திதான்.

கேரள வழிவந்த ஒருவரே வீட்டில் வண்டி கட்டி உருட்டினாரே என்று விடுமுறைக்கு வந்த ஒரு பிள்ளை என்னை மடக்கினான். சிவ கேசவனைச் சொன்னான். அப்பா கேரளத்துக்காரர், இவர் மணாலிப் பக்கம் வளர்ந்தவர், பனிச்சறுக்கு வண்டியில் 1998 நாகானோ முதல் 2018 பியாங்சாங் வரை ஆறு ஒலிம்பிக். பனிப்பாதை இல்லாத நாட்டில் வண்டிக்குச் சக்கரம் கட்டி மலைச்சாலையில் லாரிகளுக்கு நடுவே பழகியவர். உண்மைதான், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர் அதையே வாழ்க்கையாகக் கொண்டவர். நீங்கள் வருஷத்தில் ஆறு நாள் போகிறவர்கள். தம்பி, அந்த வித்தியாசம் போதும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. ஆஸ்லோவில் இருப்பவர்கள் சமவெளியில் நீண்ட தூரம் தள்ளிப் போகிற மெல்லிய ஸ்கீ வைத்திருப்பீர்கள். அதில் பூட்ஸின் முனை மட்டும்தான் மாட்டும், குதிகால் எழும்பும், கழலும் வில் கிடையாது. தாராளமாக வீட்டிலேயே பொருத்துங்கள். புதிய வகைகளில் துளையே வேண்டாம், தட்டில் தள்ளினால் போதும். ஆல்பைன் ஸ்கீயிலும் தண்டவாளம் பதித்தே வருகிற வகை உண்டு. அதில் பைண்டிங்கை நுழைப்பது சுலபம், ஆனால் எண்ணின் கதை அதேதான். மலையேறிப் போகிறவர்களின் ஊசிப் பைண்டிங் வேறு ஜாதி. முன்பகுதி அரை மில்லி கோணினாலும் பூட்ஸ் குதிகாலில் சரியாக உட்காராது. அதைச் சமையலறை மேசையில் வைக்காதீர்கள்.

இனி என் வேண்டுதல். ஆல்பைன் ஸ்கீயில் துளை நீங்களே போட்டாலும், முதல் ஓட்டத்துக்கு முன் ஸ்கீயையும் இரண்டு பூட்ஸையும் கடைக்கு எடுத்துப் போய் எந்த முறுக்கில் கழல்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். படிவம் கொடுப்பார்கள். எடையை உள்ளபடி எழுதுங்கள், வயதை உள்ளபடி எழுதுங்கள், திறமைக்கு நேரே தயங்காமல் தாழ்ந்த கட்டத்தில் குறி போடுங்கள். தாங்கள் பொருத்தாததைச் சில கடைக்காரர்கள் தொட மாட்டார்கள். உற்பத்தியாளர் பொறுப்பேற்கும் பட்டியலிலிருந்து விழுந்த பழைய பைண்டிங் என்றால் அநேகமாக எல்லோருமே கைவிரிப்பார்கள். கோபப்படாதீர்கள், அந்தக் கைவிரிப்பே பதில். அந்தப் பைண்டிங்கைக் கழற்றி எறியுங்கள். குழந்தைகளுடையதை மட்டும் துளையிலிருந்து கடைசித் திருகாணிவரை கடைக்காரர் கையில் விட்டுவிடுங்கள். ஒரு வருஷத்தில் குழந்தையின் எடை ஏறும், பூட்ஸ் மாறும், போன வருஷத்து எண் இந்த வருஷத்துக்கு ஆகாது. பழையதை விற்கும்போது எண்ணைக் கடைசிவரை இறக்கிவிட்டு விற்றுவிடுங்கள். வாங்குகிறவன் ஒரு தரமாவது அந்த ஜன்னலைப் பார்த்தே ஆகவேண்டும்.

அளந்ததும் ஒரு சீட்டு தருவார்கள். நவம்பரிலேயே போய்விட்டு வந்து அந்தச் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். மலையுச்சியில் நின்று கையைத் தூக்குகிற படம் அதற்கப்புறம் வரட்டும்.

அன்புடன்,
கோயிலுக்குப் பக்கத்து வரிசை, கடைசி வீட்டு மாமா
வலியசாலை, திருவனந்தபுரம்